மூக்குக் குழாயோடு ஒருவர் வீட்டுக்கு வந்தால்

அம்மாவை வாட்டிலிருந்து யாழ்ப்பாணம் கோண்டாவில் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, அவவின் மூக்கிலிருந்து தொங்கிய குழாயைத் தொடவே எனக்குக் கை நடுங்கியது. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இயங்காமல் போயிருந்தது. தண்ணீர் ஒரு கரண்டி கொடுத்தாலும் புரைக்கேறியது. வாட்டில் மிஸ்ஸி இரண்டு தரம் ஊட்டிக் காட்டினா. மூன்றாம் தரம் நான் ஊட்ட, அவ பக்கத்தில் நின்று பார்த்தா. அந்த மூன்று தரத்து அனுபவத்தோடுதான் வீடு வந்தேன். பிறகு இரண்டரை மாதம், நாளுக்கு ஆறு தரம் ஊட்டினேன்.

இப்போது அயலில் யார் வீட்டுக்காவது குழாயோடு ஒருவர் வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே போய் நான் சொல்வதையே இங்கு எழுதுகிறேன். உங்கள் டொக்டர் வேறு அளவோ வேறு முறையோ சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள். அவர் உங்கள் நோயாளியைப் பார்த்துச் சொன்னவர்.

குழாய் எதற்கு

என்.ஜி. ரியூப் எனப்படும் இந்தக் குழாய் மூக்கால் நுழைந்து, தொண்டை வழியாக உணவுக்குழாயில் இறங்கி, இரைப்பையில் முடிகிறது. வாட்டில் இதை ரைல்ஸ் ரியூப் என்றும் சொல்வார்கள். ஜோன் ரைல் என்ற ஆங்கில மருத்துவரின் பெயர் அது. இரைப்பை அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து ஆராய்வதற்கு அவர் அந்தக் குழாயைப் பயன்படுத்தினார். அந்த அமிலம்தான் இன்றைக்கும் எங்களைக் காப்பாற்றுகிறது. எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் குழாய் பெரும்பாலும் உணவுக்காகத்தான். பாரிசவாதத்தால் விழுங்க முடியாதவர்கள், தலையில் அடிபட்டு நினைவு தெளியாதவர்கள், வாய் அல்லது தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை எடுக்கிறவர்கள் என்று பலருக்கும் இது போடப்படுகிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் மிக மெல்லிய குழாயால் தாய்ப்பால் போகும். ஏறக்குறைய 34 வாரம் ஆகும்வரை சப்புவதையும் விழுங்குவதையும் மூச்சுவிடுவதையும் ஒன்றாகச் செய்ய அவர்களுக்கு வராது.

வாட்டில் இதற்கு எதிர்மாறான வேலைக்கும் குழாய் போடுவார்கள். குடல் அடைத்தவருக்கும், சத்திரசிகிச்சைக்குப் பிறகு குடல் அசையாமல் நின்றவருக்கும் இரைப்பையில் தேங்கும் காற்றையும் பித்தநீரையும் வெளியே எடுக்க வேண்டும். அந்தக் குழாயின் முனையில் ஒரு பை தொங்கும். அதைக் கட்டிலைவிடத் தாழ்வாகத்தான் வைக்க வேண்டும். அதற்குள் எதையும் ஊற்றக்கூடாது. நஞ்சு உட்கொண்ட சிலருக்குக் கரித்தூள் மருந்தைக் குழாயால் கொடுப்பதும் உண்டு.

குழாயின் தடிப்பைப் "பிரெஞ்ச்" என்ற அளவில் சொல்வார்கள். 3 பிரெஞ்ச் ஒரு மில்லிமீற்றர். பெரியவர்களுக்கு உணவுக் குழாய் வழமையாக 8 முதல் 12 வரை, வடிக்கும் குழாய் 14 முதல் 18 வரை. உங்கள் நோயாளியின் குழாய் என்ன அளவு, எதனால் செய்தது, எந்தத் திகதியில் போட்டது என்ற மூன்றையும் வாட்டை விட்டு வெளிக்கிட முன் கேட்டு எழுதுங்கள். சாதாரண பி.வி.சி. குழாயை ஒரு கிழமை, பத்து நாளுக்குள் மாற்றவேண்டி வரும். பொலியுரிதேன் குழாய் நாலு முதல் ஆறு கிழமை நிற்கும். திகதி தெரியாவிட்டால் எப்போது மாற்றுவதென்றும் தெரியாது.

போடுவது வீட்டு வேலை அல்ல

மூக்கு நுனியிலிருந்து காதுச் சோணைக்கும், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனைக்கும் குழாயைப் பிடித்து நீளம் அளப்பார்கள். பிறகு முனையில் வழுக்கும் மருந்து தடவி மூக்கால் விடுவார்கள். விழுங்கக்கூடியவர் என்றால் நாடியைத் தாழ்த்தி விழுங்கச் சொல்வார்கள். கண்ணீர் வரும், ஓங்காளம் வரும். பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டம்தான், ஆனால் அது கொஞ்ச நேரத்து அவதி. இருமல் விடாமல் வந்தாலோ முகம் நீலம் பாரித்தாலோ குழாய் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம் என்று உடனே வெளியே இழுத்துவிடுவார்கள்.

மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவருக்கு மூக்கால் போடமாட்டார்கள், வாயால்தான் போடுவார்கள். அமிலமோ காரமோ குடித்து உணவுக்குழாய் வெந்தவர்கள், ஈரல் நோயால் உணவுக்குழாயில் நாளங்கள் வீங்கியவர்கள், அண்மையில் உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ சத்திரசிகிச்சை செய்தவர்கள் ஆகியோருக்குப் போடுவதா இல்லையா என்பதை வைத்திய நிபுணர்தான் முடிவெடுக்க வேண்டும். உங்கள் ஆளுக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்.

ஒவ்வொரு தரமும் ஊட்ட முன்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க உங்களுக்கு நேரம் இருந்தால், இதை வாசியுங்கள்.

நேற்று இரைப்பையில் இருந்த குழாய் இன்றைக்கும் அங்கேதான் இருக்கும் என்று சொல்ல முடியாது. இருமினால், சத்தியெடுத்தால், இரவில் கை பட்டு இழுபட்டால் அது மேலே வந்துவிடும். முனை உணவுக்குழாயில் நின்றால் ஊற்றுகிற பால் தொண்டைக்கு ஏறி நுரையீரலுக்குள் இறங்கும். முனை மூச்சுக்குழாயில் நின்றால் பால் நேரே நுரையீரலுக்குத்தான் போகும். குழாயால் வரும் சாவுகளில் மிகக் கொடியது இது. கொஞ்சம் நிதானித்திருந்தால் தடுத்திருக்கக்கூடியதும் இதுதான்.

முதலில் மூக்கோரம் குழாயில் எந்த எண் நிற்கிறது என்று பாருங்கள். அம்மாவுக்கு 55 செ.மீ. அந்த எண்ணை ஒரு மட்டையில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருந்தேன். எண் அழிந்துபோகும் குழாய் என்றால் மூக்கோரத்தில் அழியாத மையால் கோடு போடுங்கள். பிறகு வாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலருக்குக் குழாய் தொண்டைக்குள் சுருண்டு கிடக்கும், ஆனால் வெளியே எண் மாறியிருக்காது.

அடுத்ததாக 50 அல்லது 60 மி.லி. சிறிஞ்சால் மெதுவாக இழுத்து, வருகிற நீரில் இரண்டு துளியை, அமிலத்தின் அளவை எண்ணால் காட்டும் பி.எச். கடதாசியில் விடுங்கள். 5.5 அல்லது அதற்குக் கீழே என்றால் அது இரைப்பை அமிலம், ஊட்டலாம். கடைசியாக ஊட்டி அல்லது மருந்து கொடுத்து ஒரு மணித்தியாலம் ஆகாமல் இதைப் பார்த்தால் எண் பிழையாக வரும். ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு எண் கூடக் காட்டக்கூடும். அவர்களுக்கு எந்த எண்வரை சரி, எதை வைத்து முடிவெடுப்பது என்று வாட்டிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பி.எச். கடதாசியையும் வீடு திரும்பும்போதே கேளுங்கள். சிவப்பு, நீலம் மட்டும் காட்டும் லிற்மஸ் இதற்கு உதவாது.

சிறிஞ்சில் ஒன்றும் வராவிட்டால் பதறவேண்டாம். இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, கால் மணித்தியாலமோ அரை மணித்தியாலமோ பொறுத்துத் திரும்ப இழுங்கள். 10 முதல் 20 மி.லி. காற்றைச் செலுத்திவிட்டு இழுத்தால், இரைப்பைச் சுவரில் ஒட்டிய முனை விலகி நீர் வரும். அதன் பிறகும் வராவிட்டால் ஊட்டாதீர்கள். எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

காற்றை அடித்து வயிற்றில் காது வைத்துக் கேட்பதைப் பலரும் சொல்லித் தருவார்கள். அதை நம்பவேண்டாம். குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றில் கேட்கும். 2005இல் பிரித்தானிய நோயாளர் பாதுகாப்பு அமைப்பு இந்த முறையைக் கைவிடும்படி எச்சரித்தது. குழாய் முனையைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் நம்பத்தக்கதல்ல.

ஒரு காலை, விடியப்புறம் சத்தியெடுத்த அம்மாவின் மூக்கோரம் 47 நின்றது. பிளாஸ்ரர் கழன்றிருந்தது. பால் கரைத்து ஆறவைத்தாயிற்று, பிரஷர் மருந்துக்கும் நேரமாகிவிட்டது. கனடாவிலிருந்து தம்பி வட்ஸ்அப்பில், "அக்கா, கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளிப்போட்டுக் குடுங்கோ, பசியில கிடக்கிறா" என்றான். அவன் பாசத்தில் சொன்னான். நான் பாலை வெளியே கொட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்தேன். எக்ஸ்றேயில் முனை உணவுக்குழாயின் நடுவில் நின்றது. அன்றைக்கு அம்மா ஐந்து மணித்தியாலம் ஒன்றும் இல்லாமல் இருந்தா. ஒரு நேரச் சாப்பாடு பிந்தினால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது.

சலரோகக்காரருக்கு மட்டும் இதில் ஒரு கவனம் வேண்டும். இன்சுலின் போட்ட பிறகு குழாய் சரியில்லை என்று கண்டுபிடித்தால் சீனி ஆபத்தாக இறங்கிவிடும். ஆகவே குழாயை முதலில் சரிபார்த்துவிட்டு இன்சுலின் போடுங்கள். போட்டபிறகு ஊட்ட முடியாமல் போனால் அது அவசரநிலை. சீனியைப் பார்த்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஊட்டும்போது

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்துங்கள். உயர்த்தும் கட்டில் இல்லாத வீட்டில் நாங்கள் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கல் வைத்து, முதுகுக்குத் தலையணைகளும் அடுக்கினோம். தலையை மட்டும் தலையணையில் தூக்கிவைத்தால் வயிறு மடிந்துவிடும். இடுப்பிலிருந்தே சாய்ந்திருக்க வேண்டும்.

குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறவுங்கள், அப்படிச் செய்தால் காற்று உள்ளே போகாது. சிறிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு வெறும் உருளையைக் குழாயில் பொருத்தி, முதலில் 30 மி.லி. கொதித்தாறின தண்ணீர் விடுங்கள். பிறகு உணவை ஊற்றுங்கள். அது தன் பாரத்திலேயே இறங்க வேண்டும், தண்டால் அமுக்கக்கூடாது. 200 முதல் 250 மி.லி. இறங்க 20 நிமிடமாவது எடுக்கட்டும். கெதியாக இறங்கினால் உருளையைத் தாழ்த்துங்கள், நின்றால் கொஞ்சம் உயர்த்துங்கள். முடியும்போது திரும்ப 30 மி.லி. தண்ணீர். பிறகு மூடுங்கள். ஊட்டி முடிந்தும் அரை முதல் ஒரு மணித்தியாலம் அதே சாய்வில் இருக்கட்டும். பம்பர்ஸ் மாற்றுவதையும் உடம்பு துடைப்பதையும் ஊட்ட முன்னமே முடித்துவிடுங்கள். நிறைந்த வயிற்றோடு ஆளைப் புரட்டினால் சத்தி வரும்.

நடுவில் இருமல், மூச்சு வாங்கல், கொரகொரப்பு ஏதாவது வந்தால் குழாயை மடித்து உடனே நிறுத்துங்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லிலிருந்து ஊறி வருவதால் கடினமானது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கொதிக்கவைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுங்கள். படிவு வந்தால் மெல்லிய குழாய்க்குள் தங்கும்.

எதை ஊட்டுவது

வீட்டுக்கு வீடு நான் காணும் பிழை தண்ணிக் கஞ்சி. வயிறு நிரம்பும், உடம்பு வாடும். ஒருவருக்கு ஒரு கிலோ நிறைக்கு நாளுக்கு 25 முதல் 30 கலோரி தேவை என்பது பொதுக் கணக்கு. 50 கிலோ உள்ளவருக்கு 1250 முதல் 1500 வரை. பாமசியில் விற்கும் முழுமையான உணவுமாக்களைச் சொன்ன அளவில் கரைத்தால் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 1 கலோரி வரும். அப்படியென்றால் 250 மி.லி. வீதம் ஆறு தரம் ஊட்டினால் 1500. அதே அளவு வடிகஞ்சியில் இதில் பாதிகூட வராது.

அந்த மாக்களின் விலை எல்லாருக்கும் கட்டாது என்பது எனக்குத் தெரியும். நாங்களும் நாளுக்கு மூன்று தரம்தான் மா கொடுத்தோம். மற்ற மூன்று தரமும் குழையவிட்ட சோறு, பருப்பு, அவித்த முட்டை, கரட், கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்த்து பிளென்டரில் நன்றாக அடித்து, மெல்லிய துணியில் இரண்டு தரம் வடித்துக் கொடுத்தோம். எவ்வளவு சேர்ப்பது என்று கிளினிக்கில் போசணை ஆலோசகரிடம் கேட்டு வாங்கினேன். சிறுநீரக நோய் உள்ளவருக்கு இந்தச் சேர்க்கை பொருந்தாமல் போகலாம். 8 பிரெஞ்ச் போன்ற மெல்லிய குழாய்க்கு வீட்டில் அடித்த உணவு சரிவராது, அடைத்துவிடும். அடித்த உணவை எங்கள் வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். பிறிட்ஜில் வைத்தாலும் அன்றன்றைக்கு முடியுங்கள்.

ஐந்தாறு நாள் ஒன்றும் சாப்பிடாமல் கிடந்த ஒருவருக்கு முதல் நாளே முழு அளவையும் கொடுக்கக்கூடாது. பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று சத்து ஏறினால் இரத்தத்தில் பொஸ்பேற், பொற்றாசியம், மக்னீசியம் இறங்கி இதயமே பாதிக்கப்படும். வாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது கஞ்சத்தனத்தால் அல்ல.

மருந்துகள்

ஒவ்வொரு குளிசையையும் தனித்தனியே நன்றாகப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் 10 மி.லி. தண்ணீர் விட்டுக் கொடுங்கள். உணவோடு கலக்கவேண்டாம். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ரிற்றாட் என்று இருக்கும் குளிசைகளைப் பொடிக்கவே கூடாது. பன்னிரண்டு, இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு மெதுவாகப் பிரிய வேண்டிய மருந்து ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கிவிடும். குடலில் கரையும்படி மேற்பூச்சுப் பூசிய குளிசைகளையும் பொடிக்கக்கூடாது. பாமசிக்காரரிடம் முழுப் பட்டியலையும் காட்டி, "இது ரியூப்பால குடுக்கிறது" என்று சொல்லுங்கள். வலிப்புக்குப் பெனிற்றோயின் எடுப்பவர்கள் உணவுக்கும் மருந்துக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்று கட்டாயம் கேட்க வேண்டும். உணவோடு சேர்ந்தால் அந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராது, வலிப்புத் திரும்பும்.

கொத்தமல்லித் தண்ணீர், இலைக்கஞ்சி, கசாயம் என்று அன்போடு கொண்டுவருவார்கள். அவற்றை நான் குழாயால் கொடுக்கவில்லை.

வாய், மூக்கு, விருந்தாளிகள்

குழாய் போட்டுவிட்டால் இனிப் புரைக்கேறாது என்று நினைப்பது பெரிய தவறு. உணவு வாயால் போகாவிட்டாலும் எச்சில் ஊறுகிறது, இரைப்பையிலிருந்தும் மேலே எதிர்த்து வருகிறது. அழுக்கான வாயில் ஊறும் எச்சில் நுரையீரலுக்கு இறங்கினால் நியூமோனியா. சாப்பிடாத வாய்தான் கெதியாக அழுக்காகும். காலையும் மாலையும் மெல்லிய பிரஷால் பல்லையும் நாக்கையும் துலக்குங்கள், இடையில் ஈரத்துணியால் துடையுங்கள். ஆளைச் சரித்து வைத்துச் செய்தால் தண்ணீர் தொண்டைக்குப் போகாது. பொய்ப்பல் இருந்தால் இரவில் கழற்றுங்கள்.

மூக்கின் ஓரத்தைக் குழாய் ஒரே இடத்தில் அமுக்கினால் புண் வரும். பிளாஸ்ரரை நாளாந்தம் மாற்றி, குழாயைத் துளைக்கு நடுவில் தொங்கவிடுங்கள், மேல்நோக்கி இழுத்து ஒட்டாதீர்கள். கன்னத்திலும் ஒரு பிளாஸ்ரர் ஒட்டினால் பாரம் மூக்கில் விழாது. ஒரு பக்க மூக்கால் நாற்றமுள்ள சளி வந்து முகம் நொந்தால் பீனிசமாக இருக்கலாம், கிளினிக்கில் காட்டுங்கள். குழாயைப் பிடுங்கும் நோயாளிகளின் கையைக் கட்டிலோடு கட்டுவதை என் மனம் ஒப்பவில்லை. அம்மாவின் இடக்கைக்குப் பருத்திக் காலுறை மாட்டி, பிடித்துக்கொள்ள ஒரு சின்னத் துவாயைக் கொடுத்தோம். பெரும்பாலும் அது போதுமாக இருந்தது.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஒரு வாய் இளநீர் பருக்கினால் என்ன, பாவம்" என்பார்கள். நல்லூர்த் தீர்த்தம் கொண்டுவந்து வாயில் விடப் பார்ப்பார்கள். அன்பு என்று தெரிந்தாலும் மறிக்க வேண்டும். தீர்த்தத்தைத் தலையில் தெளித்து, உதட்டை ஒரு விரலால் நனைக்கச் சொன்னேன். பெரியம்மா கோபித்துக்கொண்டு போனா, அடுத்த கிழமை திரும்பவும் வந்தா. கட்டிலுக்கு மேலே "வாயால் ஒன்றும் கொடுக்கவேண்டாம்" என்று எழுதி ஒட்டிய பிறகு எனக்குப் பாதிப் பாரம் குறைந்தது.

அடைத்தால், கழன்றால்

அடைத்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரைப் பெரிய சிறிஞ்சால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சின்னச் சிறிஞ்ச் அழுத்தம் கூடியது, குழாயை வெடிக்கச் செய்யும். கம்பி விடாதீர்கள், சோடா விடாதீர்கள். குழாய் பாதி வெளியே வந்தாலோ முழுவதும் கழன்றாலோ திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யாழ்ப்பாணத்தில் பெரியாஸ்பத்திரி மட்டுமில்லை, மந்திகை, தெல்லிப்பழை, சாவகச்சேரியிலும் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. உங்களுக்குக் கிட்டிய இடத்தில் குழாய் போடுவார்களா, எக்ஸ்றே எந்த நேரத்தில் எடுக்கலாம் என்று தேவை வரும் முன்னரே விசாரித்து வையுங்கள்.

மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், ஊட்டியபின் நிற்காத இருமல், காய்ச்சலோடு மூச்சு வேகமாதல், கோப்பித்தூள் போல அல்லது இரத்தமாகக் குழாயால் வருதல், வயிறு கல்லாக வீங்கி ஓயாமல் சத்தியெடுத்தல், கூப்பிட்டும் எழும்பாமல் மயங்கிக் கிடத்தல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் ஊட்டுவதை நிறுத்தி 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். வயிற்றோட்டம் என்றால் முதலில் உணவின் சுத்தத்தையும் ஊட்டிய வேகத்தையும், புதிதாகத் தொடங்கிய அன்ரிபயோற்றிக் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் காட்டுங்கள்.

எவ்வளவு காலம்

நாலு முதல் ஆறு கிழமைக்கு மேல் குழாய் வேண்டிவரும் என்று தெரிந்தால், வயிற்றுச் சுவரால் நேரே இரைப்பைக்கு வைக்கும் பெக் குழாயைப் பற்றி டொக்டர் பேசுவார். கேட்டவுடன் பயப்படாதீர்கள். மூக்கு தப்பும், குழாய் இழுபட்டு மேலே வரும் தொல்லை குறையும். எங்களுக்கும் ஆறாம் கிழமை அந்தக் கதை வந்தது. விழுங்குவது தேறி வந்ததால் பொறுத்துப் பார்த்தார்கள். முற்றிய மறதிநோயில் படுத்திருப்பவர்களின் கதை வேறு. அவர்களுக்குக் குழாய் ஆயுளைக் கூட்டுவதில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்று முதியோர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் குழாய் போட முன் குடும்பமாக இருந்து டொக்டரோடு கதைப்பது நல்லது.

குழாயை எப்போது எடுப்பது என்பதை நாட்காட்டி பார்த்துச் சொல்ல முடியாது, விழுங்கிக் காட்ட வேண்டும். பேச்சு சிகிச்சையாளரிடம் திகதி கேட்டு வாங்குங்கள். அவர்தான் கெட்டியான உணவை ஒரு கரண்டி, அரைக் கரண்டி என்று கொடுத்து, விழுங்கிய பிறகு குரல் ஈரமாகிறதா, இருமுகிறதா என்று பார்ப்பார். மெல்லிய தண்ணீர்தான் விழுங்கக் கடினம், அதைக் கடைசியாகத்தான் அனுமதிப்பார்கள். அம்மாவுக்கு முதலில் கொடுத்தது கெட்டித் தயிர். போதிய அளவு வாயால் சாப்பிடுகிறா என்று தெரியும்வரை இன்னும் ஒன்பது நாள் குழாய் மூக்கிலேயே இருந்தது. பகலில் வாயால், இரவில் குழாயால். அந்த ஒன்பது நாளும் ஒவ்வொரு தரமும் ஊட்ட முன் 55 நிற்கிறதா என்று பார்த்தேன்.